செமினி ஆறு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துச் செமினியிலும் அதைச் சுற்றியிருந்த கித்தா (ரப்பர்) தோட்டங்களிலும் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் இந்த ஆற்றைத் தெரியும். ஆனால் அதன் முழு வழியும் தெரிந்தவர்கள் குறைவு. பாலத்தின் மேல் நின்று பார்த்தால் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவு வரைதான் தெரியும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பாடவேலைக்காகக் கேட்பதும், தண்ணீர்த்தடை வரும்போதும் வெள்ளம் ஏறும்போதும் பெரியவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

செமினி ஆறு தனி ஆறா, இன்னோர் ஆற்றில் சேருவதா?

இன்னோர் ஆற்றில் சேருவது. சிலாங்கூரின் தென்பகுதியில் ஓடும் லங்காட் ஆற்றின் துணையாறு இது. லங்காட்டுக்குப் பெரிய துணையாறுகள் இரண்டு: ஒன்று செமினி, மற்றொன்று நெகிரி செம்பிலான் பக்கமிருந்து வரும் லாபு. ஆறு ஓடும் திசையில் முகம் வைத்து நின்றால், இரண்டும் லங்காட்டின் இடக்கரையில் வந்து சேர்கின்றன. செமினி தானாகக் கடலைத் தொடுவதில்லை. அதன் தண்ணீர் லங்காட்டோடு கலந்து, பந்திங் பக்கமாகப் போய், கேரித்தீவை ஒட்டி மலாக்கா நீரிணையில் இறங்குகிறது.

தொடக்கம் எந்த இடம்?

உலு லங்காட் மாவட்டத்தின் கிழக்கு மலைக்காடுகள். தித்திவங்சா மலைத்தொடரின் தென்மேற்குச் சரிவுகள் என்று சொல்லலாம். சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலான் மூன்றும் நெருங்கி வரும் பகுதி அது. லங்காட் ஆறு 1,493 மீட்டர் உயரமுள்ள நுவாங் மலைப்பக்கம் பிறக்கிறது. செமினி அதற்குத் தெற்கே, சற்றுத் தாழ்ந்த மலைகளில் பிறக்கிறது.

ஒரே இடத்தில் ஊற்று பொங்கி ஆறாகிவிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி ஓர் ஊற்றைத் தேடிப் போனால் கிடைக்காது. அங்கே கருங்கல் பாறை, அதன்மேல் ஆழமான சிதைந்த மண், அதன்மேல் காடு. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, பல நாள் கழித்துப் பள்ளங்களில் கசிந்து வெளியே வருகிறது. நூற்றுக்கணக்கான கசிவுகள் சேர்ந்து ஓடைகளாகி, ஓடைகள் சேர்ந்து ஆறாகிறது. மழை இல்லாத வாரங்களிலும் மேலே தண்ணீர் ஓடுவதற்கு அந்தக் காட்டு மண்தான் காரணம்.

அங்கிருந்து எந்த வழியாக வருகிறது?

மலைக்காட்டில் முதலில் செமினி அணையின் நீர்த்தேக்கம். தெக்காலா பொழுதுபோக்கு வனம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அணையைத் தாண்டி ஆறு சுங்கை லாலாங் பக்கத்துப் பள்ளத்தாக்கு வழியாக இறங்குகிறது. உலு லங்காட்டிலிருந்து செமினிக்கு வரும் பழைய வளைவுச் சாலையில் போனவர்களுக்கு இந்த இடங்கள் பழக்கம். சாலையும் ஆறும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் வரும்.

செமினி நகருக்கு வரும்போது சரிவு குறைந்துவிடுகிறது. ஆறு அகன்று, வேகம் தணிந்து, வளைந்து ஓடத் தொடங்குகிறது. நகரைக் கடந்து தென்மேற்காக ரிஞ்சிங் பக்கம், அப்புறம் பழைய பாங்கி, பிறகு ஜெண்டராம். அதையடுத்து டிங்கிலுக்கு முன்பாக லங்காட்டோடு சேர்கிறது.

மேல்பகுதியில் பாறை, கூழாங்கல், குளிர்ந்த தெளிந்த நீர். கீழ்ப்பகுதியில் மணல், களிமண், பழுப்பு நிறம். பாதையின் பெரும்பகுதி இந்தக் கீழ்ப்பகுதிதான். நம் மக்கள் பழகிய ஆறும் அதுதான்.

காஜாங் பட்டணத்து ஆறும் இதுவும் ஒன்றா?

இல்லை. காஜாங் வழியாக ஓடுவது லங்காட். செமினி ஆறு காஜாங்கைத் தொடுவதே இல்லை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே திசையில் தனித்தனியாக ஓடி, பாங்கியைத் தாண்டிய பிறகுதான் சேர்கின்றன. பாங்கியின் மேட்டுநிலம் இந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் இருக்கிறது.

கிள்ளான் ஆற்றோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. அது வேறு படுகை.

வழியில் எந்த ஓடைகள் இதில் விழுகின்றன?

மேலே லாலாங் பக்கத்துக் காட்டோடைகள். செமினி நகரைச் சுற்றி, புரோகா மேடுகளின் மேற்குச் சரிவிலிருந்து வரும் சிற்றோடைகள். ரிஞ்சிங் பக்கத்து ஓடை. அதற்குக் கீழே இடக்கரையில் வருவதுதான் முக்கியமானது: பெரானாங், பாஜாம் பகுதிகளின் தண்ணீர். அதில் ஒரு பெரிய பங்கு நெகிரி செம்பிலான் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் விழும் மழை. மந்தின், நீலாய் சுற்றுவட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் வாய்க்காலில் விடப்பட்டால், அது சிலாங்கூர் ஆற்றுக்குத்தான் வந்து சேரும். தண்ணீருக்கு மாநில எல்லை கிடையாது. ஆனால் நம் அரசியல் சட்டப்படி ஆறு மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. செமினி ஆற்றின் பல சிக்கல்கள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

எங்கள் தோட்டத்து அல்லூருக்கு (சிறு ஓடைக்கு) வரைபடத்தில் பெயரே இல்லையே. அதுவும் செமினி ஆற்றில்தான் சேருமா?

நீங்கள் செமினி, ரிஞ்சிங், டொமினியன் தோட்டப் பக்கத்தவர் என்றால் பெரும்பாலும் ஆம். உறுதிப்படுத்திக்கொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோடுகள் ஓடையைக் கடக்கும் இடத்தில் கூர்மையாக மடங்கும். அந்தக் கூர்முனை எப்போதும் ஓடை வரும் திசையை, அதாவது மேட்டைக் காட்டும். அதற்கு எதிர்ப்பக்கமாக விரலை வைத்துக்கொண்டே போனால் அல்லூர் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும்.

பழைய வரைபடங்கள் கிடைத்தால் விடாதீர்கள். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் கணக்கில் அச்சான பழைய நில அளவை வரைபடங்களில் தோட்டங்களின் பெயரும் எல்லையும் போட்டிருக்கும். இன்று வீடமைப்பாக மாறிவிட்ட பல இடங்களில், ஓடை முன்பு எந்தப் பக்கம் ஓடியது என்பதற்கு அதுவே நம்பகமான சாட்சி.

இன்னொன்றும் செய்யலாம். தோட்டத்தில் பால் வெட்டிய பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த நிரைக்குப் பின்னால் பள்ளம், எங்கே மரப்பாலம், எந்த மழைக்கு எந்த வெளிக்காடு முழுகும் என்பதெல்லாம் அவர்கள் காலால் நடந்து தெரிந்துகொண்டவை. அவர்கள் தரும் ஓடைப் பெயர்களை எழுதி வைப்பது நம் வேலை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்தப் பெயர்களை வேறு யாரும் எழுதி வைக்கப் போவதில்லை.

தோட்டங்கள் இந்த ஆற்றை எப்படி மாற்றின?

நிறையவே மாற்றின. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வட்டாரத்தில் முதலில் காப்பி போட்டார்கள். காப்பி விலை சரிந்தது. அதே சமயம் ரப்பர் வந்தது. காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்களின் இஞ்ச் கென்னத் தோட்டம், நாட்டிலேயே மிக முன்னதாக வணிகத்துக்காக ரப்பர் நட்ட தோட்டங்களில் ஒன்று. 1900-க்குப் பிறகு காஜாங், செமினி, பாங்கி முழுவதும் ரப்பர் பரவியது. காட்டை வெட்டி எரித்து, சரிவுகளை வெறும் மண்ணாக்கி, அதில் கன்று வைத்தார்கள். அந்த வேலையில் பெரும்பங்கு செய்தவர்கள் கங்காணிகள் மூலம் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர்கள்.

தொடக்க காலத்தில் தோட்டத்தில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பது துரைமார்களின் விதி. மரத்துக்கு நடுவே மண் துடைத்துவிட்டதுபோல் இருக்க வேண்டும். இந்த நாட்டு மழை வெறும் மண்ணில் விழுந்தால் என்ன ஆகும்? மேல்மண் கரைந்து அல்லூருக்குப் போனது, அல்லூரிலிருந்து ஆற்றுக்குப் போனது. ஆற்றின் அடிமட்டம் உயர்ந்தது. பிறகுதான் சரிவுக்குக் குறுக்கே மண் தடுக்கும் குழிகளும் படிவரிசைகளும் வெட்டினார்கள். மரங்களுக்கிடையே நிலத்தை மூடும் பயற்றுக்கொடிகளை வளர்த்தார்கள். அதனால் அரிப்பு குறைந்தது.

அடுத்தது தொழிற்சாலை. ரப்பர்ப் பாலை உறையவைக்கவும் கழுவவும் நிறையத் தண்ணீர் வேண்டும். அதனால் ரப்பர் ஆலையை ஓடைக்குப் பக்கத்தில்தான் கட்டுவார்கள். அமிலம் கலந்த கழிவுநீர் நேராக ஓடையில் விழும். அந்த நாற்றம் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிமுறைகள் வந்தன. அதற்குப் பிறகே கழிவுக்குளம் வெட்டிச் சுத்திகரித்து விடும் வழக்கம் ஊன்றியது.

இன்று அந்தத் தோட்டங்களில் பல இல்லை. பெயர் மட்டும் சில தமிழ்ப்பள்ளிகளில் மிஞ்சியிருக்கிறது. ஆனால் தோட்டக்காலத்தில் வெட்டிய வாய்க்கால்களும் நேராக்கிய ஓடைகளும் போய்விடவில்லை. புது வீடமைப்புப் பகுதிகளின் பெரிய சிமெண்டுக் கால்வாய்களில் பல அதே தடத்தில்தான் ஓடுகின்றன. வெட்டியவர்கள் யார் என்று அங்கே பலகை எதுவும் இல்லை. ஆனாலும் இந்த ஆற்றின் இன்றைய வடிவத்தில் தமிழ்த் தொழிலாளிகளின் கைவேலை இருக்கிறது.

ஈய லம்பங்களும் (சுரங்கங்களும்) இருந்தனவாமே?

ஆமாம். மலையிலிருந்து அரித்து வந்த வண்டலில் ஈயம், அதாவது வெள்ளீயம், இருந்தது. அதைக் கழுவி எடுக்க ஓடைகளைத் திருப்பினார்கள், மணலையும் சேற்றையும் ஆற்றில் விட்டார்கள். ஈயக்குட்டைகள் இன்னும் ஆங்காங்கே உள்ளன. டிங்கில் பக்கத்தில் அப்படிப்பட்ட பழைய குட்டைகளைச் சேர்த்துத்தான் பாயா இண்டா ஈரநிலப் பகுதியை உருவாக்கியிருக்கிறார்கள். மற்றபடி, கைவிடப்பட்ட குட்டைகளில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். கரையிலிருந்து இரண்டு அடி வைத்தாலே ஆளை மூழ்கடிக்கும் ஆழம் இருக்கும்.

செமினி அணைத் தண்ணீர் குழாய் வழியாக நேராக நம் வீட்டுக்கு வருகிறதா?

வரவில்லை. இந்த ஆற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான செய்தியே இதுதான்.

அணை மேலே மலையில் இருக்கிறது. 1980-களில் கட்டி முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 6 கோடி கன மீட்டர் நீர் பிடிக்கும். அதன் நிறைமட்டம் கடல் மட்டத்திலிருந்து 111 மீட்டர். ஆனால் குடிநீருக்காகத் தண்ணீரை இறைக்கும் இடம் அங்கே இல்லை. அது ஆற்றின் கடைசியில், ஜெண்டராம் ஹிலிரில், லங்காட்டோடு சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. அங்கே இறைத்து, புத்ராஜெயா பக்கத்திலுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். நாளொன்றுக்கு 54 கோடி லிட்டருக்கும் மேல் சுத்திகரிக்கும் அளவில் கட்டப்பட்ட நிலையம் அது. பெட்டாலிங், உலு லங்காட், கோலா லங்காட், சிப்பாங் மாவட்டங்களின் பல பகுதிகளுக்கு அங்கிருந்துதான் தண்ணீர் போகிறது.

அப்படியானால் அணை எதற்கு? மழைக்காலத்தில் ஆற்றிலேயே போதுமான நீர் இருக்கும், அப்போது அணை சேமித்து வைக்கிறது. வறட்சியில் ஆற்றின் மட்டம் இறங்கும்போது அணையைத் திறந்து, குறைவதை ஆற்றில் விட்டு ஈடுசெய்கிறார்கள். அணைக்கும் இறைக்கும் இடத்துக்கும் நடுவில் குழாயின் வேலையை ஆறே செய்கிறது.

இதில் நன்மை உண்டு. அணைக்கு மேலே விழும் மழை மட்டுமில்லாமல், கீழே செமினி, ரிஞ்சிங், பெரானாங் ஓடைகளில் விழும் மழையும் பயனாகிறது. கேடும் அதிலேயே இருக்கிறது. அந்த ஓடைகளில் விடப்படும் ஒவ்வொன்றும் இறைக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறது. மலையில் அணை நிரம்பி வழிந்தாலும், கீழே ஓர் ஓடையில் யாரோ கழிவைக் கொட்டினால் குழாய் வறண்டுவிடும்.

1998-இல் எல் நினோ வறட்சியின்போது லங்காட், செமினி அணைகளின் மட்டம் இறங்கி, கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. 2014-இலும் வறட்சிப் பங்கீடு வந்தது. அதன் பிறகு நாம் பட்ட தடைகள் பலவற்றுக்கு மழையில்லாமை காரணமில்லை, மாசுதான் காரணம்.

அணையில் தண்ணீர் இருந்தும் ஏன் அடிக்கடி தடை? ‘நாற்றம்’ என்று அறிவிக்கிறார்களே, அது என்ன?

2016 செப்டம்பரிலும் அக்டோபரிலும் செமினி சுத்திகரிப்பு நிலையத்தை நாற்றத்தால் மீண்டும் மீண்டும் மூடினார்கள். 2020 அக்டோபரில் மறுபடியும் அதே காரணம். லட்சக்கணக்கான வீடுகளில் தண்ணீர் இல்லை.

நாற்றத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். மனித மூக்குதான் கருவி. ஆற்று நீரை, மணமே இல்லாத சுத்த நீரோடு கலந்து கலந்து நீர்க்கச் செய்வார்கள். எத்தனை மடங்கு நீர்த்த பிறகு நாற்றம் தெரியாமல் போகிறது என்பதே அளவு. அது வரம்பை மீறினால் இறைப்பதை நிறுத்தியே ஆக வேண்டும். கரைப்பான், எண்ணெய் போன்ற பொருள்கள் மிகச் சிறிய அளவில் கலந்தாலும் நாற்றம் அடிக்கும். சாதாரண சுத்திகரிப்பில், அதாவது படியவைத்து, வடிகட்டி, குளோரின் போடும் முறையில், அவை முழுதாகப் போகாது.

அம்மோனியா இன்னொரு தொல்லை. மனிதக் கழிவு, கால்நடைக் கழிவு, குப்பைமேட்டுச் சாறு, சில ஆலைகளின் கழிவு எல்லாவற்றிலும் அது உண்டு. குளோரின் கிருமியைக் கொல்வதற்கு முன் அம்மோனியாவோடு சேர்ந்து தீர்ந்துவிடும். அதனால் ஆற்று நீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அம்மோனியா இருந்தால் அது சுத்திகரிக்க ஏற்ற நீர் இல்லை என்பது நம் நாட்டு அளவுகோல்.

பெரிய ஆறு பெரிய குற்றத்தால்தான் கெடும் என்று நினைக்க வேண்டாம். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்து கோங் என்ற சிற்றோடையில் விட்ட கழிவு, சிலாங்கூர் ஆற்றுக்குப் போய், நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வைத்தது. பலர் பெயர்கூடக் கேள்விப்படாத ஓடை அது. நம் செமினியிலும் அப்படிப்பட்ட ஓடைகள் தொழிற்பேட்டைகளின் பின்வேலிகளை ஒட்டி ஓடுகின்றன. நாம் அவற்றைச் சாக்கடை என்று நினைத்துக் கடந்து போகிறோம். அந்த நினைப்பு மாறாத வரை எத்தனை அணை கட்டினாலும் போதாது என்பது என் கருத்து.

எந்த மாதங்களில் ஆறு பெருகும்?

பொதுவாக ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர், நவம்பர் மாதங்களிலும். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம் அது. பிற்பகலில் இடி மின்னலோடு கொட்டும். வடகிழக்குப் பருவமழையைத் தித்திவங்சா மலை பெருமளவு தடுத்துவிடும். தென்மேற்குக் காற்று சுமத்ராவைத் தாண்டி வருவதால் ஈரம் குறைந்துவிடும். அதனால் ஜனவரி, பிப்ரவரியிலும் ஆண்டின் நடுவிலும் ஆறு மெலிந்திருக்கும்.

இது பொது வழக்கம்தான். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி பெய்த மழை எந்த வழக்கத்திலும் அடங்காதது. அன்று உலு லங்காட் பள்ளத்தாக்கு பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும்.

முன்பு வெள்ளம் வராத இடத்தில் இப்போது வருகிறதே, ஏன்?

தோட்டம் இருந்தபோது, பெய்த மழையில் ஒரு பங்கை இலைகள் பிடித்துக்கொள்ளும், இன்னொரு பங்கை மண் குடிக்கும். மீதம் மெதுவாக வரும். அதே நிலத்தில் கூரையும் தாரும் சிமெண்டும் வந்தபின், கிட்டத்தட்ட எல்லாத் தண்ணீரும் சில நிமிடங்களில் கால்வாய்க்கு வந்துவிடுகிறது. மொத்த மழை அதிகமாகாவிட்டாலும், ஆற்றுக்கு ஒரே நேரத்தில் வந்து சேரும் அளவு அதிகமாகிவிடும்.

இதற்கு விதி இருக்கிறது. 2001 முதல், புதிய மேம்பாட்டுத் திட்டங்கள் மஸ்மா எனப்படும் நகர மழைநீர்க் கையேட்டைப் பின்பற்ற வேண்டும். கட்டுவதற்கு முன் அந்த நிலத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் நீர் வெளியேறியதோ, கட்டிய பிறகும் அதற்கு மேல் போகக் கூடாது. அதற்காகத்தான் வீடமைப்புப் பகுதிகளில் மழைநீரைத் தடுத்து வைக்கும் குளங்கள். உங்கள் பகுதியில் அப்படியொரு குளம் இருந்தால் அது அழகுக்காக வெட்டியதில்லை. அதில் மண் சேர்ந்து மேடாகிவிட்டால், பாதிப்பு உங்களுக்குக் கீழே இருக்கும் கம்பத்துக்கு (கிராமத்துக்கு). குளத்தைத் தூர்வாரச் சொல்லிக் குடியிருப்பாளர்கள் கேட்க வேண்டும்.

ஆற்றில் குளிக்கலாமா?

மேலே தெக்காலா பக்கம் மக்கள் குளிக்கிறார்கள். நீர் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மலையில் மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கெப்பாலா ஆயர், அதாவது திடீர் வெள்ளம், வரும். நீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் அடித்து வந்தால், மேலேயிருந்து இரைச்சல் கேட்டால், பொருள்களை எடுக்க நிற்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போங்கள்.

செமினி நகருக்குக் கீழே குளிக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் பரவும் வழிகளில் இப்படிப்பட்ட நீரும் ஒன்று. காலில் புண் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

மீன்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. கெளுத்தி வகைகள், விரால், லம்பாம் எல்லாம் உண்டு. முன்புபோல் இல்லை. லங்காட் படுகையில் இப்போது தொட்டி சுத்தம் செய்ய வாங்கி ஆற்றில் விட்டுவிட்ட ‘ஈக்கான் பண்டாராயா’ பெருகிவிட்டது. கரையில் வளை தோண்டி மண்ணைச் சரிக்கும் மீன் அது. வீட்டுத் தொட்டி மீனை ஆற்றில் விடுவது புண்ணியமாகாது.

கரகம் பாலிப்பது, கருமாதி, அஸ்தி கரைப்பது எல்லாம் ஆற்றில் செய்கிறோம். அதனால் கெடுதலா?

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஓடைக்கரையிலிருந்து கரகம் புறப்படும் வழக்கம் பல தலைமுறைக்கு முந்தியது. பூவும் மஞ்சளும் வேப்பிலையும் ஆற்றுக்குக் கெடுதல் செய்யும் அளவுக்குப் பெரிய விஷயமில்லை. அஸ்தியும் அப்படியே. கெடுதல் செய்வது அவற்றோடு போகும் பிளாஸ்டிக் பை, தெர்மோகோல் தட்டு, ஜரிகைத் துணி, சாமிப் படத்தின் கண்ணாடிச் சட்டம். பானையைக் கரைத்துவிட்டுப் பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். கோயில் நிர்வாகம் கரையில் ஒரு தொட்டி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நாம் கும்பிட்டு நீர் எடுக்கும் இடத்தை நாமே அசுத்தம் செய்வது பொருந்தாது.

இந்த ஆறு சுத்தமானதா, இல்லையா? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

ஒரே வரியில் முடியாது. மேலே ஒரு ஆறு, கீழே வேறு ஆறு. சுற்றுச்சூழல் துறை ஆறுகளுக்கு மதிப்பெண் போடும் முறை இது: நீரில் கரைந்த பிராணவாயு, உயிரியல் முறையிலும் வேதியியல் முறையிலும் தேவைப்படும் பிராணவாயு, அம்மோனியா, மிதக்கும் மண்துகள், அமிலத்தன்மை ஆகிய ஆறு அளவுகளைச் சேர்த்து நூற்றுக்குக் கணக்கிடுவார்கள். 81-உம் அதற்கு மேலும் சுத்தம், 60 முதல் 80 வரை சற்று மாசு, அதற்குக் கீழே மாசு. ஒரு ஆற்றின் எண்ணைக் கேட்டால், எந்த இடத்தில், எந்த மாதத்தில் எடுத்த எண் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

செமினி, பெரானாங் எல்லாம் முன்பு நெகிரி செம்பிலானைச் சேர்ந்தவையாமே?

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிலாங்கூருக்கும், இன்று நெகிரி செம்பிலானில் அடங்கும் சுங்கை ஊஜோங்குக்கும் எல்லை திருத்தப்பட்டது. செமினி, பெரானாங், புரோகா பகுதி சிலாங்கூருக்கு வந்தது, லுக்குட் அந்தப் பக்கம் போனது. இன்றும் பெரானாங் ஓடைகளின் தலைப்பக்கம் நெகிரி செம்பிலானில் இருப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். எல்லைக்கோடு நீர் பிரியும் மேட்டை ஒட்டிப் போயிருந்தால் நிர்வாகம் எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

ஆற்றங்கரை யாருக்குச் சொந்தம்? வேலி போடலாமா, பயிர் செய்யலாமா?

ஆறும் அதன் ஒதுக்கு நிலமும் மாநில அரசுக்கு உரியவை. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியில் ஆற்றின் அகலத்துக்கு ஏற்ப ஒதுக்கு நிலம் சொல்லப்பட்டிருக்கிறது. 5 மீட்டருக்கும் குறைந்த ஓடைக்குக்கூட இருபக்கமும் 5 மீட்டர் விட வேண்டும். 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு 50 மீட்டர். அனுமதியில்லாமல் கட்டவோ வேலி போடவோ கூடாது. கரையில் இயல்பாக வளரும் மரமும் புல்லும் மண்ணைப் பிடித்து வைக்கின்றன. அவற்றை விட்டுவிடுவதே நல்லது.

ஓடையில் நிறமோ நாற்றமோ தெரிந்தால் யாரிடம் சொல்வது?

சிலாங்கூர் பக்கம் ஆற்று மாசு என்றால் லுவாஸ், அதாவது சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியம். தொழிற்சாலைக் கழிவு என்று தெரிந்தால் சுற்றுச்சூழல் துறைக்கும் சொல்லுங்கள். வீட்டோரக் கால்வாய் அடைப்பு காஜாங் நகராண்மைக் கழகத்தின் வேலை. கரைச் சரிவு, ஆற்றில் விழுந்த மரம் போன்றவை வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வேலை. நீர் வளத்தை மாசுபடுத்துவோருக்கு இப்போது சிலாங்கூர் சட்டத்தில் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் சிறையும் உண்டு. ஆகவே புகார் வீண் என்று எண்ண வேண்டாம்.

சொல்லும்போது ‘ஆறு நாறுகிறது’ என்று மட்டும் சொன்னால் அவர்கள் வருவதற்குள் தடயம் ஓடிவிடும். தேதி, மணி, பாலத்தின் பெயர், நீரின் நிறம், மண்ணெண்ணெய் வாடையா அழுகல் வாடையா என்பது, ஒரு படம் இவற்றைக் கொடுங்கள். முடிந்தால் ஓடையோடு மேலே கொஞ்சம் நடந்து பாருங்கள். எந்தக் கால்வாய் வாய்க்குக் கீழே நீர் கலங்கலாகவும் அதற்கு மேலே தெளிவாகவும் இருக்கிறதோ, அந்த வாயைப் படமெடுத்து அனுப்புங்கள். தொழிற்பேட்டை வேலிக்குள் போகாதீர்கள், நீரைத் தொடாதீர்கள். இரவு நேரத்தில் கொட்டுகிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் அந்த நேரத்தையும் குறித்து, இரண்டு மூன்று வீட்டார் தனித்தனியாகப் புகார் கொடுங்கள்.